ஜாவா நிரலில் கோப்பைப் படித்தால் பாதி வரிதான் வருகிறது, பிழையும் காட்டவில்லை. ஃபைல்ரீடர், ஸ்கேனர், பஃபர்டுரீடர், இவற்றில் எந்த கிளாஸைப் பயன்படுத்துவது?

கேட்ட நீங்கள் படித்துக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருக்கும். ஃபைல்ரீடரா, ஸ்கேனரா, பஃபர்டுரீடரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை எழுத வைத்தது "பிழையும் காட்டவில்லை" என்ற இரண்டு சொல்தான். பிழை காட்டாத ஒரு நிரலால் எங்கள் ஊரில் ஒரு பெரியவருக்குக் காசு குறைந்தது. அதை எழுதியவள் நான்.

முதலில் உங்களுக்கு வேண்டிய பதில். நீங்கள் ஸ்கேனர் போட்டிருந்தால் சந்தேகம் அங்கேயே. கோப்பைப் படிக்கும்போது உள்ளே ஏதாவது கோளாறு வந்தால் ஸ்கேனர் அதை வெளியே வீசாது. வரி தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். கோப்பு ஒரு எழுத்துக் குறியாக்கத்தில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) இருந்து, நீங்கள் வேறொன்றில் திறந்தாலும் இப்படி நடுவில் நின்றுபோகலாம். படித்து முடித்தபின் அதன் ஐஓஎக்செப்ஷன் மெத்தடைக் கூப்பிட்டுப் பாருங்கள், உண்மை தெரியும். பஃபர்டுரீடர் அப்படி மறைக்காது. ஃபைல்ஸ் கிளாஸில் உள்ள நியூபஃபர்டுரீடரால் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைச் சொல்லித் திறங்கள். டிரை என்ற சொல்லுக்கு அடுத்த அடைப்புக்குள்ளேயே திறந்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். ஜாவா 7 முதல் இந்த வசதி இருக்கிறது.

கிளாஸை மாற்றியும் சரிவரவில்லை என்றால் தவறு உங்கள் கேட்ச்சுக்குள், அதாவது பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதும் பகுதிக்குள், இருக்கலாம். எனக்கு அங்கேதான் இருந்தது.

எனக்கு ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியவர். மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். 2014இல் டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு தவுக்கே (முதலாளி), மாதக் கடைசியில் ஆளுக்கு எத்தனை கிலோ என்று கூட்டிச் சீட்டு அடிக்க ஒரு நிரல் கேட்டார். 300 ரிங்கிட். அவருடைய கிராணி (கணக்கு எழுதுபவர்) எடையை எக்செலில் தட்டி வைத்திருப்பார். அதை, கமாவால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பாக்கி, வரி வரியாகப் படித்து, கமா இருக்கும் இடத்தில் வெட்டி, நான்காவது துண்டை எண்ணாக மாற்றிக் கூட்டினேன்.

முதல் வரி தலைப்பு. "எடை" என்ற சொல்லை எண்ணாக மாற்றப் போனால் நிரல் நின்றுவிடும். நிற்காமலிருக்க டிரை, கேட்ச் போட்டு, கேட்ச்சுக்குள் ஒன்றும் எழுதாமல் விட்டேன். ஓடியது. சந்தோஷப்பட்டேன்.

முதல் மாதச் சீட்டு கொடுத்த அன்று ஒரு தாத்தா வந்தார். சொந்தமாக நான்கு ஏக்கர் வைத்திருப்பவர். சட்டைப் பையிலிருந்து 555 என்ற சின்னக் கணக்கு நோட்டை எடுத்தார்.

"பாப்பா, மூணு தடவ குலை போட்டிருக்கேன். சீட்டுல ஒரு தடவதானே இருக்கு?"

"கம்ப்யூட்டர் கணக்கு தாத்தா, தப்பாகாது" என்றேன்.

"பால் கொட்டகையில நிறுத்து வாங்குன காலத்துலேருந்து எழுதி வச்சிக்கிட்டு வர்றேம்மா" என்று மட்டும் சொன்னார். சத்தம் போடவில்லை. நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு கோப்பை எக்செலில் திறக்காமல் நோட்பேடில் திறந்தேன். 860 என்பது 860 ஆகவே இருந்தது. மற்ற இரண்டும் 1,240, 1,115. கிராணி ஆயிரத்துக்குக் கமா காட்டும்படி அமைத்திருந்ததால், எக்செல் அந்தக் கமாவோடு இரட்டை மேற்கோள்குறி போட்டுச் சேமித்திருந்தது. நான் கமாவில் வெட்டியபோது நான்காவது துண்டில் ஒரு மேற்கோள்குறியும் 1 என்ற எண்ணும்தான் மிஞ்சின. அது எண்ணாக மாறாது. என் வெற்றுக் கேட்ச் அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. 3,215 கிலோ போட்டவருக்கு 860 கிலோவுக்குச் சீட்டு. ஒரு தடவைக்கு ஆயிரத்துக்குக் கீழே போட்டவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்ததால் வேறு யாரும் கேட்கவில்லை. பார்த்தால் இன்னும் பத்துப் பேருக்குக் குறைந்திருந்தது. தவுக்கே மறுநாளே மீதியைக் கொடுத்தார். நான் 300 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை எழுதியபோது படிக்கிற வேலையை ஒரு கிளாஸ், ஒரு லோடின் (ஒரு தடவை போட்ட குலையின்) விவரத்தை இன்னொரு கிளாஸ் என்று பிரித்தேன். எடை எண்ணாக இல்லாவிட்டால் லோடு ஆப்ஜெக்ட் உருவாகவே உருவாகாது. எந்த வரி எண், அந்த வரியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லி நிற்கும். தலைப்பு வரியை நானே தெரிந்து தாண்டினேன். படித்த வரி எத்தனை, ஏற்ற வரி எத்தனை என்று கடைசியில் அச்சிட்டேன். கமாவில் வெட்டும் வேலையை அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி நூலகத்திடம் விட்டேன், மேற்கோள்குறியை அது புரிந்துகொள்ளும். எண்ணுக்குள் இருக்கும் கமாவை மட்டும் நாமே நீக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஆளுக்கொரு கோப்பு என்று பெயரை வைத்தே உருவாக்கப் பார்த்தேன். அந்த இடமே கிடைக்கவில்லை என்றது. எங்கள் பெயரில் "ஏ/எல்", "ஏ/பி" இருக்கிறதல்லவா, மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், அந்தச் சாய்கோடுதான் காரணம். ஜாவா அதைக் கோப்புறை பிரிக்கும் கோடாக எடுத்துக்கொண்டு, இல்லாத கோப்புறையைத் தேடியது. உறுப்பினர் எண்ணைக் கோப்பின் பெயராக்கினேன், தீர்ந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அடையாள அட்டையில் அச்சடித்திருக்கும் என் பெயரை எத்தனை இணையப் படிவங்கள் "தவறான எழுத்து" என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன! அப்பா பெயர் ஓரிடத்தில் சாய்கோட்டோடும், ஓரிடத்தில் ஒட்டியும், ஓரிடத்தில் இல்லாமலும் இருப்பதால், அவர் இறந்தபின் ஒரு சேமிப்புக் கணக்கை முடிக்க அம்மா மூன்று முறை பஸ் ஏறி ஈப்போ போய் வந்தார். எங்களில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது. நிரல் எழுதியவர் ஒரு தடவை யோசித்திருந்தால் போதுமே.

சரி. பைத்தானில் இரண்டு வரியில் முடிந்திருக்கும் என்று கீழே சிலர் எழுதுவார்கள். எனக்கும் பைத்தான் தெரியும். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் ஆயிரத்துக்குக் கமா உண்டு என்று சொல்லாமல் படித்தால், அந்த எடைப் பத்தி எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். எக்செலிலேயே கூட்டியிருக்கலாமே என்பவர்களுக்கு, கிராணி அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் அதற்கே போனது.

உங்கள் கோப்பின் முதல் பத்து வரியையும், வரி நின்றுபோகும் இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரியையும் நோட்பேடில் திறந்து அப்படியே ஒட்டுங்கள். கேட்ச்சுக்குள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரவு வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்.