உயரம் குறைந்த முன்கள வீரனை டிராஃப்டில் எந்தச் சுற்றில் எடுக்கலாம்?

நீங்கள் சொல்கிற ஐஸ் ஹாக்கிப் பையனுக்கு 17 வயது, சென்டர் (நடு முன்கள வீரன்), ஜூனியர் லீக்கில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் எடுக்கிறான் (ஒரு கோலுக்கோ, கோலுக்கு உதவிய பாஸுக்கோ ஒரு புள்ளி), உயரம் 5 அடி 9 அங்குலம். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) இவனை எந்தச் சுற்றில் எடுக்கலாம், எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஸ்கவுட் வேலை (அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடிப் பார்ப்பது) பார்ப்பவன் இல்லை. ஒன்டாரியோவில் இருப்பதால் ஜூனியர் ஆட்டங்களை ரிங்க்கிலேயே உட்கார்ந்து பார்க்க முடிகிறது, பார்த்துப் பார்த்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

புள்ளிக் கணக்கையும் உயரத்தையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவனிடம் இருக்கிற குறை திருத்தக்கூடியதா இல்லையா என்பதை முதலில் பாருங்கள். 18 வயதுப் பையனுக்குக் கால் பலத்தை ஏற்றலாம், ஸ்கேட்டிங் முறையை மாற்றலாம், உடம்பில் சில கிலோ கூட்டலாம். ஆனால் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) தன்னிடம் வருவதற்கு முன்பே அடுத்து எங்கே போகவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிற புத்தி அந்த வயதுக்குள் தலைகாட்டவில்லை என்றால், அதற்கப்புறம் யாராவது சொல்லிக்கொடுத்து அது வந்ததாக நான் பார்த்ததில்லை.

டாம்பா பே அணியின் பிரேடன் பாயிண்ட் என்கிற வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-14 சீசனில் மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் மூஸ் ஜா அணிக்காக 72 ஆட்டங்களில் 91 புள்ளிகள், அதுவும் பலமான அணியில் இல்லை. இருந்தும் 2014 டிராஃப்டில் மூன்றாவது சுற்று வரை, 79ஆவது இடம் வரை இறங்கிவிட்டார். ஆள் குள்ளம், அதோடு ஸ்கேட்டிங்கும் சுமார் என்று பல அணிகள் ஒதுக்கின. டாம்பா பே அணி தன்னுடைய 80ஆவது தேர்வோடு ஒரு ஏழாவது சுற்றுத் தேர்வையும் கொடுத்து ஒரே ஒரு இடம் மேலே ஏறி அவரை எடுத்தது. அப்புறம் பார்ப் அண்டர்ஹில் என்கிற ஸ்கேட்டிங் பயிற்சியாளரிடம் (ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1984 உலக சாம்பியன் ஜோடியில் ஒருவர்) அவரை வேலை செய்ய வைத்தார்கள். டாம்பா பே ஸ்டான்லி கோப்பையை (என்ஹெச்எல் சாம்பியன் கோப்பை) வென்ற 2020, 2021 இரண்டு வருஷமும் பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் தொடர்) 14, 14 கோல் அடித்து கோல் பட்டியலில் முதலிடம் அவர்தான். எந்த ஸ்கேட்டிங்கைக் காட்டி ஒதுக்கினார்களோ அதே ஸ்கேட்டிங்கை இன்று அவருடைய பலமாகச் சொல்கிறார்கள். ஆட்டத்தைப் படிக்கிற மூளை ஏற்கெனவே இருந்தது, கால் பின்னால் வந்து சேர்ந்தது.

அந்த மூளையை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள், முடிந்தால் ஒரு பீரியட் முழுக்க. பக் மூலைக்குள் உருண்டு போகிறது, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் துரத்துகிறான், பின்னால் ஒரு பெரிய டிஃபென்ஸ்மேன் மோத வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கை எட்டுவதற்குள் எத்தனை முறை தோள் வழியாகத் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். திரும்பிப் பார்த்தவன் கடைசி நேரத்தில் இடுப்பை ஒரு பக்கம் காட்டி எதிர்ப்பக்கம் சுழன்று வெளியே வந்துவிடுவான், இல்லாவிட்டால் தொட்ட மாத்திரத்தில் நடுவில் நிற்கிற ஆளுக்குத் தட்டிவிடுவான். பார்க்காதவன் போர்டோடு (ரிங்க்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) அமுங்கிப்போவான். ஜூனியரில் அமுங்கினாலும் திறமையை வைத்துத் தப்பிக்கலாம். என்ஹெச்எல்லில் எதிரே இருப்பவனுக்கு வயது 28, எடை 100 கிலோ, அங்கே அந்த அரை வினாடி கிடைக்காது.

புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸுக்கான புள்ளி) வரை தருவார்கள், இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கோலுக்கு நேரடியாகப் பாஸ் கொடுத்தவனும், தன் எல்லையில் சும்மா பக்கைத் தள்ளிவிட்டவனும் பட்டியலில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அதனால் முதல் அசிஸ்ட் எத்தனை, பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) வந்தது எத்தனை, யாரோடு ஒரே வரிசையில் ஆடுகிறான் என்று பிரித்துப் பாருங்கள். அலெக்ஸ் டிப்ரின்கட் ஈரி என்கிற ஜூனியர் அணியில் 51 கோல் அடித்தபோது, பின்னால் என்ஹெச்எல்லில் பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட் அதே அணியில் இருந்தார், அவரால்தான் இவருக்குக் கோல் விழுகிறது என்று பேசினார்கள். மெக்டேவிட் போன அடுத்த வருஷமும் 51 கோல். அதற்கப்புறமும் 5 அடி 7 அங்குலம் என்பதால் 2016இல் 39ஆவது இடம் வரை காத்திருந்தார். முதல் என்ஹெச்எல் சீசனிலேயே 28 கோல், அடுத்ததில் 41.

பிறந்த தேதியும் முக்கியம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டிராஃப்ட் வருஷம் செப்டம்பர் 15க்குள் 18 நிரம்ப வேண்டும் என்பது விதி. ஆஸ்டன் மேத்யூஸ் செப்டம்பர் 17இல் பிறந்தவர், இரண்டே நாளில் 2015 தவறி 2016இல் முதல் ஆளாகப் போனார். ஒரே டிராஃப்டில் இருக்கிற இரண்டு பையன்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம், அந்த வயதில் ஒரு வருஷம் என்பது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உங்கள் பையன் ஆகஸ்டில் பிறந்தவன் என்றால் அவன் புள்ளிகளுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் உடற்தகுதிச் சோதனை முடிவுகளைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். 2014 சோதனையில் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை, அதை எத்தனை பேர் கிண்டல் செய்தார்கள்! கால்கரி அவரை நாலாவதாக எடுத்தது. 2025 பிளேஆஃபில் ஃபுளோரிடாவுக்காக 15 கோல் அடித்து சிறந்த வீரர் விருது வாங்கியவர் அவர்தான்.

ஆனால் உயரம் ஒரு விஷயத்தில் உதைக்கும். சென்டர் என்றால் சொந்தக் கோலுக்கு முன்னால் இறங்கி வந்து பெரிய ஆட்களைத் தடுக்க வேண்டும். சின்ன உடம்புக்காரர்கள் பலரை மேலே போனதும் விங்குக்கு (பக்கவாட்டு முன்கள இடம்) மாற்றிவிடுவது இதனால்தான். பாயிண்ட் சென்டராகவே நிலைத்தார், எல்லாருக்கும் அது அமையாது. ஆகவே ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது கோச் இவனை ஐஸில் இறக்குகிறாரா, பெஞ்சில் வைக்கிறாரா என்று பாருங்கள். இறக்கினால், தோள் திரும்பிப் பார்க்கிற பழக்கமும் இருந்தால், நான் இரண்டாவது சுற்றிலேயே எடுத்துவிடுவேன். பெஞ்சில்தான் உட்காருகிறான் என்றால் விங்கர் என்று கணக்குப் போட்டு நாலாவது சுற்று வரை காத்திருப்பேன். மூலையில் அமுங்கிப்போகிறவன் என்றால் 100 புள்ளி எடுத்திருந்தாலும் என் பட்டியலில் இடம் இல்லை.