கோல்ஃபில் பட்டிங் செய்யும்போது, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும்போது, கை இறுகிப்போகிறது. பந்தை அடிப்பதற்கு முன் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மூன்றடி, நாலடியில் இருந்து குழிக்குள் தள்ளும்போது கை இறுகுகிறது, பட்டரை (பந்தை உருட்டும் மட்டையை) மாற்றினால் சரியாகுமா, அடிப்பதற்கு முன் என்ன வழக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டரை மாற்றாதீர்கள். இதே தொல்லை எனக்கு இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் மூன்று பட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன், கை மாறவில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிக்கிற நீளப் பட்டரைச் சிலர் சொல்வார்கள். அப்படி உடம்பில் ஊன்றி அடிப்பதற்கு 2016 முதல் விதிப்படி தடை இருக்கிறது.

நான் காரைக்குடிப் பக்கம் இருக்கிறேன். நடந்து போய் ஆடும் தூரத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மாதம் ஒருமுறை கொடைக்கானலுக்கோ கோயம்புத்தூருக்கோ போவேன். மற்ற நாளெல்லாம் பயிற்சி வீட்டுத் தரையில்தான். ஆகவே இங்கே சொல்வதில் பாதி ஆத்தங்குடிக் கல்லும் ஜமுக்காளமும் கற்றுக்கொடுத்தது.

முதலில் கை. "லேசாகப் பிடி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் லேசாகத்தான் பிடித்துத் தொடங்குவேன். பந்தைத் தொடப்போகிற நேரத்தில் வலது கை தானாக இறுகும். பட்டரின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், அங்கேதான் திரும்புகிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் பாதகமில்லை. எடுக்கும்போது இருந்த அழுத்தமே அடித்து முடிக்கும்வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிந்தது எங்கள் அடுப்படியில். அப்பத்தா வெள்ளைப் பணியாரம் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மாவைக் கரண்டியில் அள்ளி, எண்ணெய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒரே ஊற்று. கரண்டியைப் பிடித்த விரல்கள் கொஞ்சம்கூட அசையாது, முழங்கைதான் சாயும். பணியாரம் வட்டமாக அடியில் போய், தானே உப்பி மேலே வரும். ஒருநாள் நான் ஊற்றிப் பார்த்தேன். எண்ணெய் தெறிக்கும் என்ற பயத்தில் கடைசியில் விரல் இறுகிக் கரண்டி வெட்டியது. பணியாரத்துக்கு வால் முளைத்துவிட்டது. அப்பத்தா சொன்னது: "ஊத்துறதுக்கு முன்னாடி பயந்துக்கய்யா. கையச் சாய்ச்சப்புறம் பயப்படாத." பட்டிங்குக்கு இதைவிடச் சரியான பாடத்தை நான் கேட்டதில்லை.

குட்டைப் பட்டில், அதாவது குழிக்குக் கிட்டத்தில் இருந்து உருட்டும்போது, முகம் எவ்வளவு திரும்பினால் தவறும் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பாதி 2.125 அங்குலம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் பட்டரின் முகம்தான் தீர்மானிக்கிறது, பட்டர் வரும் பாதைக்குப் பங்கு குறைவு. சமதளத்தில் ஆறடியில் இருந்து திசை சுமார் 1.7 டிகிரி விலகினால் பந்தின் நடு, குழியின் விளிம்புக்குப் போய்விடும். மூன்றடியில் இருந்து என்றால் 3.4 டிகிரி வரை தாங்கும். மூன்றடியில் ஒழுங்கான பட்டுக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது. கை இறுகி முகம் திரும்பும்போதுதான் அந்த இடம் போதாமல் போகிறது.

பயிற்சிக்கு வருகிறேன். எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் எட்டு அங்குலம். ஒன்பது கல் எண்ணினால் ஆறடி. வெறும் கல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால் தூரம் பழக அது உதவாது. ஆனால் திசை பழக அதைவிட நல்ல இடம் இல்லை, கல்லும் கல்லும் சேரும் கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும். பந்தில் இருந்து இரண்டு கல் தள்ளி, அந்தக் கோட்டின் இருபுறமும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை வையுங்கள். பந்து நடுவில் போகும்போது ஒவ்வொரு பக்கமும் முக்கால் சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். டம்ளரில் படாமல் போன பந்து ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். சமதளத்தில் ஆறடிப் பட்டுக்கு அது போதும். டம்ளரில் பட்டால் 'டிங்' என்று வீடு முழுக்கக் கேட்கும். நான் தினமும் இருபது பந்து அடிக்கிறேன். எந்தப் பக்கத்து டம்ளர் அதிகம் கத்துகிறது என்று பாருங்கள். எனக்கு எப்போதும் இடது டம்ளர்தான். வலது கை இறுகி முகத்தை மூடுகிறது என்று அதில்தான் கண்டுபிடித்தேன்.

தூரத்துக்கு ஜமுக்காளம். மடிப்பு இல்லாமல் இழுத்து விரித்து, வலது கையால் மட்டும் பட்டரைப் பிடித்து, ஐந்தடிக்கு, எட்டடிக்கு, பத்தடிக்கு என்று மாற்றி மாற்றி உருட்டுவேன். ஒற்றைக் கையில் பிடித்தால் பட்டரின் தலை எவ்வளவு கனம் என்று உள்ளங்கைக்குத் தெரியும். இறுக்கிப் பிடித்தால் அந்தக் கனம் காணாமல் போகும். இரண்டு கையாலும் பிடிக்கும்போதும் அதே கனம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என்னுடைய ஒரே சோதனை.

பிடி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடது கைச் சுட்டுவிரலை வலது கை விரல்களின் மேல் போட்டுக்கொள்ளும் பழைய பிடியைத்தான் வைத்திருக்கிறேன். கைப்பிடியை இடது உள்ளங்கையின் ஆயுள் ரேகை வழியாகப் போகும்படி வைத்தால் பட்டரும் முன்னங்கையும் ஒரே நேர்கோட்டில் வரும், மணிக்கட்டு தன் இஷ்டத்துக்கு மடங்காது. இடது கையைக் கீழே வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு எது இயல்போ அது. ஆனால் வாரத்துக்கு ஒரு பிடி என்று மாற்றாதீர்கள்.

இப்போது அடிப்பதற்கு முன் செய்வது. இதற்கும் ஒரு கதை இருக்கிறது. கொடைக்கானலில் ஒருமுறை கடைசிக் குழியில் மூன்றடிப் பட். பந்துக்கு மேல் நின்று குழியைப் பார்த்தேன், பந்தைப் பார்த்தேன், மறுபடியும் குழியை, மறுபடியும் பந்தை. நாலாவது தடவை பார்க்கும்போதே கை கட்டையாகிவிட்டது. குழியின் இடது பக்கம் ஓடிப் போனது. பை தூக்கிய அண்ணன் சொன்னார், "சார், பின்னாடி நின்னு பாத்தீங்கள்ல, அப்பவே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு மேல நின்னு திரும்பத் திரும்ப யோசிக்கிறீங்க?" அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யோசிக்கிற வேலை எல்லாவற்றையும் பந்துக்குப் பின்னாலேயே முடித்துவிடுகிறேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்குள் நுழையும்போதே எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கால் சொல்லும். ஒருமுறை பள்ளமான பக்கத்தில் போய்ப் பார்ப்பேன், அப்புறம் பந்துக்குப் பின்னால் குனிந்து பார்ப்பேன். பந்து வேகம் குறையக் குறையத்தான் சரிவு அதை அதிகமாக இழுக்கும், ஆகவே குழிக்கு முந்தைய இரண்டு மூன்று அடியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எங்கள் வளவில் வாசலை ஒட்டிய தரை, மழைத்தண்ணீர் வடிய லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பந்தை மெதுவாக உருட்டினால் கடைசி இரண்டு கல்லில் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பை எடுப்பதா விடுவதா என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுவேன். 2019 முதல் கம்பைக் குழியிலேயே விட்டு பட் செய்யலாம். நான் குட்டைப் பட்டுக்கு விட்டுவிடுகிறேன். எது என்றாலும் பந்துக்கு மேல் நின்றபின் மாற்றுவதில்லை.

பிறகு துண்டு. எங்கள் ஊர் வெயிலில் கை வேர்க்கும், வேர்த்த கை வழுக்குமே என்று பயந்து இறுக்கும். பையில் ஒரு ஈரிழைத் துண்டு எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு பட்டுக்கு முன்னாலும், வேர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு கையையும் கைப்பிடியையும் துடைத்துவிடுவேன். துடைத்து முடித்தால் யோசனைக்கு நேரம் முடிந்தது என்று எனக்கு நானே வைத்த அடையாளம் அது.

பந்துக்குப் பக்கத்தில் வந்து, குழியைப் பார்த்தபடியே இரண்டு தடவை காற்றில் வீசுவேன். பந்தைப் பார்த்து வீசினால் தூரம் கைக்கு வராது. அப்புறம் முதலில் பட்டரின் முகத்தை வைப்பேன், பிறகுதான் கால். காலை முதலில் வைத்தால் முகம் காலுக்கு ஏற்றபடி திரும்பிக்கொள்கிறது. மூச்சை விடுவேன். குழியை ஒரே ஒரு தடவை பார்ப்பேன். கண் பந்துக்குத் திரும்பியதும் பட்டர் பின்னால் போயிருக்கும். நடுவில் நிற்காது. ஏதாவது தொந்தரவாகி நின்றுவிட்டால், விலகி வந்து துண்டில் இருந்து மறுபடியும் தொடங்குவேன்.

இதெல்லாம் நேரம் பிடிக்குமே என்று கூட ஆடுபவர்கள் நினைக்கக்கூடும். இடையூறில்லாமல் அடிக்க முடிகிற நிலையில் 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று விதியே பரிந்துரைக்கிறது. என் மனைவி கைபேசியில் பார்த்துச் சொன்னாள், துண்டை எடுப்பதில் இருந்து பந்து நகரும்வரை எனக்குப் பதினாறு, பதினேழு நொடி. ஆறடியோ முப்பதடியோ, அதே கணக்குதான் வருகிறது. ஒருமுறை 25 நொடி ஆனது. என்ன நடந்தது என்று அவளே சொன்னாள், குழியை இரண்டாவது தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பந்து இடது டம்ளரில் போய் இடித்தது.