நாலு மாதம் குளிசை குடித்தும் சரிவரவில்லை, சத்திரசிகிச்சை செய்யலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 31 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாதவிடாய் 45 நாள், சிலவேளை 60 நாளுக்கு ஒருக்கால்தான் வரும். ஸ்கேனில் சூலகத்தில் கட்டிகள் என்றார்கள். முட்டை வளரக் கொடுக்கிற குளோமிட் 50 மில்லிகிராம் குளிசை நாலு மாதம் குடித்தேன். இப்போது கமராவிட்டுச் சூலகத்தில் துளை போடலாம் என்கிறார்கள். செய்யலாமா? கணவருக்கு இன்னும் பரிசோதனை எதுவும் செய்யவில்லை, மாமிக்கு அது விருப்பமில்லை.

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணவருடைய விந்துப் பரிசோதனை முடியாமல் உங்கள் வயிற்றில் யாரும் கத்தி வைக்க விடாதீர்கள். மயக்க மருந்தோ ஊசியோ இல்லாத பரிசோதனை அது. 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மேற்படாமல் உறவு இல்லாமல் இருந்துவிட்டு, பரிசோதனைக் கூடத்தில் தருகிற போத்தலிலேயே எடுக்க வேண்டும். அங்கே கூச்சமென்றால் வீட்டில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் வர அது தாராளம். போத்தலை சீட்டுக்கு அடியில் வெயிலில் வேகவிடாமல் சேட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிவு சரியில்லாவிட்டால் உடனே பதற வேண்டாம். புதிய விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதமளவில் எடுக்கும் என்பதால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்.

சரி, இனி உங்கள் பக்கம். நீங்கள் பயப்படுகிற மாதிரி அவை கட்டிகள் இல்லை. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சின்ன முட்டைப் பைகள், ஸ்கேனில் சூலகத்தின் ஓரமாக முத்துக் கோர்த்ததுபோல் தெரியும். உங்கள் மாதவிடாய்க் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிசிஓஎஸ்தான், அதாவது முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளிவராத ஹோர்மோன் கோளாறு. தைரொயிட், புரோலக்டின் என்கிற பால் சுரப்பு ஹோர்மோன், சீனி மூன்றையும் ஒருமுறை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

நாலு மாதம் குளோமிட் குடித்தீர்களே, முட்டை வெளியே வந்ததா என்று யாராவது பார்த்தார்களா? குளிசை குடித்து முட்டை வந்தும் கரு தங்காதது வேறு, முட்டையே வராதது வேறு. முட்டை வரவில்லையென்றால் 50 போதவில்லை என்றுதான் அர்த்தம், அளவைக் கூட்டலாம், அல்லது லெட்ரோசோலுக்கு மாறலாம். நானென்றால் மாறச் சொல்லுவேன். 2014இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 வீதம் பேருக்கும் குளோமிட் எடுத்தவர்களில் 19.1 வீதம் பேருக்கும் பிள்ளை கிடைத்தது. லெட்ரோசோல் பெட்டிக்குள் இருக்கிற தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும், அதை வாசித்துவிட்டுக் குளிசையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அந்த மருந்தேதான், ஆனால் இங்கே ஐந்தே ஐந்து நாள். கர்ப்பமில்லை என்று உறுதிப்படுத்திவிட்டு, மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் 2.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 11, 12ஆம் நாளளவில் ஸ்கேன். திரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மற்றவற்றை விட்டுப் பெருத்து 18 மில்லிமீற்றரைத் தாண்டி நிற்கும், அதைப் பார்த்தால் குளிசை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று வட்டங்கள் சேர்ந்து பெருத்தாலும் அங்கேயே பிடிபடும், இரட்டைப் பிள்ளை ஆபத்தைச் சொல்லி அந்த மாதம் நிறுத்திவைக்கலாம். ஸ்கேன் இல்லாமல் மாதாமாதம் துண்டு எழுதித் தருவதை ஏற்காதீர்கள்.

துளை போடுகிற சத்திரசிகிச்சையும் நல்ல சிகிச்சைதான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. குளிசைக்கு முட்டை வராதவர்களுக்கும், வேறு காரணத்துக்காக எப்படியும் கமரா விட வேண்டியவர்களுக்கும் பொருந்தும். வெருகல், புல்மோட்டைப் பக்கமிருந்து அடிக்கடி ஸ்கேனுக்கு வர முடியாத பெண்ணுக்கும் சிலவேளை அதுவே வசதி. ஆனால் துளை கூடினால் முட்டை இருப்புக் குறையும், உள்ளே ஒட்டுப் பிடித்துக் கருக்குழாயையே பாதிக்கலாம். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சாயம் விட்டு எடுக்கிற எக்ஸ்ரேயில் பார்க்கலாம், அதற்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. பின்னாளில் கமரா விட வேண்டி வந்தால் அப்போதே சாயமும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் போலிக் அமிலக் குளிசையைத் தினமும் குடியுங்கள். எடை கூட என்றால் 5 வீதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிடாய் தானாக ஒழுங்குக்கு வரும்.

மாமியோடு சண்டை வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டிய விஷயமும் இல்லை இது. இன்றிரவு கணவரோடு தனியே இருந்து இந்தப் பதிலை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அவருடைய பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.