ரொறன்ரோவில் வசந்தகாலத்தில் வந்துபோகும் பாட்டுக் குருவிகளை வீட்டுப் பின்வளவிலும் பக்கத்துக் காட்டிலும் பார்க்க விலைகூடிய கமரா வேண்டுமா?

வேண்டாம். நீங்களும் என்னைப்போல ஸ்காபரோப் பக்கம் சின்னப் பின்வளவோடு இருப்பவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். லென்ஸுக்குக் காசு கொட்டுவதற்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள்.

இந்தக் குருவிகளில் பெரும்பாலானவை வலசை போகும்போது இரவில் பறப்பவை. மே மாதத்தில் இரவு தெற்குக் காற்று அடித்து, விடியப்புறம் மழை பிடித்தால், ஒன்ராறியோ வாவியைக் கடந்து வந்தவை களைத்துப்போய்க் கரையை அண்டிய மரங்களில் இறங்கிவிடும். அப்படி ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கினேன். ஓக் மரங்கள் பூத்திருந்தன, இலை இன்னும் சரியாக விரியவில்லை. ஒரு பிளாக்பேர்னியன் வார்ப்ளர் (வார்ப்ளர் என்பது இந்தப் பாட்டுக் குருவிகளில் ஒரு வகை), கழுத்தெல்லாம் நெருப்புப் பிடித்த மாதிரிச் செம்மஞ்சள், பூங்கொத்துக்குள் தலையை விட்டுப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. எடை பத்துக் கிராம் வந்தாலே பெரிது. வழக்கமாக உச்சிக் கொப்பில் நின்று எங்கள் பிடரியை நோகவைக்கிற சாதி. அன்றைய குளிருக்குக் கண் மட்டத்துக்கே வந்திருந்தது. என்னிடம் இருந்தது ஒரு பழைய 8க்கு 42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருப்பித்துக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) மட்டும். வேலைக்குப் பிந்தித்தான் போனேன், பரவாயில்லை.

பின்வளவுக்கு வார்ப்ளர்களை வரவழைக்கத் தானியம் உதவாது, அவை பூச்சி தின்பவை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் தட்டு ஒன்று வையுங்கள். தோடம்பழத்தைப் பாதியாக வெட்டி வேலியில் குத்தினால் மே தொடக்கத்தில் பால்ரிமோர் ஓரியோல் என்ற செம்மஞ்சள் குருவி வரக்கூடும். யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் குருவிகள் கண்ணாடியில் மோதி, கூப்பிட்டுக் கொன்ற கதையாகிவிடும்.

மேர்லின் என்ற கைபேசிச் செயலி பாட்டைக் கேட்டுக் குருவியின் பெயர் சொல்லும். ஆனால் சிப்பிங் ஸ்பரோவும் பைன் வார்ப்ளரும் ஜங்கோ என்ற குருவியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பாட்டை இழுப்பவை. செயலி சொன்னாலும் கண்ணால் பார்த்துவிட்டுப் பட்டியலில் போடுங்கள்.

பெரிய லென்ஸ்காரர் சண்டைக்கு வரவேண்டாம். நல்ல படம் எடுக்க நல்ல கமரா வேண்டும்தான். கேள்வி பார்ப்பதைப் பற்றியது.

அப்புறம், பைனாகுலர் வாங்கினால் சொந்தக்காரருக்குச் சொல்லாதீர்கள். என்னுடையதை அத்தான் ஒருவர் கிரிக்கெட் பார்க்க இரவல் வாங்கிப்போனார். திருப்பிக் கேட்டால், "குருவி பார்க்கத்தானே, என்ன அவசரம்?" என்கிறார். புல்வெட்டும் மெஷினும் அவரிடம்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு நான் அவரிடம் கதிரை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அந்தக் கதிரைகள் என்னுடையவை.