அவள் கையில் இருப்பது துடுப்பா?

கேள்வி: பழைய ரோமானிய நாணயங்களின் படங்களில் ஒரு பெண் தெய்வம் ஒரு கையில் பழம் நிறைந்த கொம்பும், மறு கையில் துடுப்பு மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறாளே, அவள் படகோட்டிகளின் தெய்வமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அவள் பெயர் ஃபார்ச்சுனா. மனிதரின் வாழ்வையும் தாழ்வையும் அவள்தான் தீர்மானிக்கிறாள் என்று ரோமானியர் நம்பினார்கள். கையில் இருப்பது சுக்கான், அதாவது கப்பலைத் திசை திருப்பும் கருவி. துடுப்பு என்று நீங்கள் நினைத்ததும் சரியான பார்வைதான். பின்பக்கம் நடுவில் கீல் போட்டு மாட்டும் சுக்கான் அன்றைய கிரேக்க, ரோமானியக் கப்பல்களில் கிடையாது. பின்புறம் இடமும் வலமுமாக இரண்டு பெரிய அகலத் துடுப்புகளைக் கட்டியிருப்பார்கள். தண்டில் குறுக்கே செருகிய கட்டையைப் பிடித்து மாலுமி திருப்புவான். பைபிளில் பவுல் போன கப்பல் உடையும் இடத்தை (அப்போஸ்தலர் 27) எடுத்துப் படியுங்கள். சுக்கான்களின் கட்டுகளைத் தளர்த்தினார்கள் என்று பன்மையில்தான் வரும்.

இந்தச் சுக்கானைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோகலாம். கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கவி ஹெசியோட், குளிர்காலத்தில் கப்பலைக் கரையேற்றிவிட்டுச் சுக்கானை அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிடு என்று தன் சகோதரனுக்குச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வீட்டில் தினமும் கண்ணில் படுகிற பொருள் என்பதால், தெய்வத்தின் கையில் அதைப் பார்த்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஃபார்ச்சுனாவுக்கு முன்னோடி டைக்கி என்ற கிரேக்கத் தெய்வம். கடலில் கப்பல்களைச் செலுத்துபவளும் நீ, கரையில் போர்களையும் சபைகளையும் நடத்துபவளும் நீ என்று அவளைப் பாடினார் கிரேக்கக் கவி பிண்டார். பிற்காலத்தில் ஃபார்ச்சுனாவுக்குச் சக்கரம்தான் பெரிய அடையாளமாகிவிட்டது. எனக்கென்னவோ சுக்கான்தான் ஆழமாகப் படுகிறது. சக்கரம் சும்மா சுழலும். சுக்கானைத் திருப்ப ஒரு கை வேண்டும். நம் வாழ்க்கை போகும் திசை அந்தக் கையில் இருக்கிறது என்ற பயமும் நம்பிக்கையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

கலிகுலா பேரரசன் கி.பி. 37-38இல் வெளியிட்ட ஒரு பித்தளை நாணயத்தில் அவனுடைய மூன்று தங்கைகளும் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு தெய்வத்தின் கோலம். ஜூலியாவின் கையில் கொம்பும் சுக்கானும் இருக்கின்றன. அவளை கி.பி. 39இல் அதே அண்ணன் தீவுக்கு நாடுகடத்தினான்.

சரி, படகோட்டிகளின் தெய்வமா என்று கேட்டீர்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எகிப்திலிருந்து வந்த ஐசிஸ் கடலோடிகளைக் காப்பவள். அவளையும் ஃபார்ச்சுனாவையும் ஒன்றாக்கி, சுக்கான் பிடித்த சிறு வெண்கலப் பதுமைகளாக வீட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். அப்புறம், நாணயப் படம் கையில் இருந்தால் சுக்கானின் கீழ் நுனியைப் பாருங்கள். பல நாணயங்களில் அது ஓர் உருண்டையின்மேல் ஊன்றியிருக்கும். அந்த உருண்டைதான் உலகம்.