வாசகர் கேள்வி: பிராசசருக்கு எந்த அளவு கூலர்?

கேள்வி: கோர் ஐ5-13400 வைத்திருக்கிறேன். 65 வாட் பிராசசர் என்பதால், 95 வாட் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்த சின்ன கூலரை மாட்டினேன். வீடியோ ரெண்டர் செய்யும்போது ஃபேன் அலறுகிறது, வேகமும் இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: 65 வாட் என்பது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. டர்போவில், அதாவது வேலை கூடும்போது வேகத்தைத் தானாக ஏற்றிக்கொள்ளும் நிலையில், இதே பிராசசர் 148 வாட் வரை இழுக்கும் என்று இன்டெலே குறிப்பிடுகிறது. பல மதர்போர்டுகள் டர்போவுக்கான நேர வரம்பைத் தளர்த்தியே வருவதால், ரெண்டர் முடியும்வரை அந்தச் சூடு தணியாது. ஏஎம்டியிலும் அப்படித்தான்: 65 வாட் ரைசன் 5 7600-க்கு உச்சவரம்பு 88 வாட், 105 வாட் ரைசன் 7 7700எக்ஸுக்கு 142.

கூலர் அட்டையில் உள்ள வாட் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள். ஹீட்பைப்பையும் (சூட்டைக் கடத்தும் குழாய்) ஃபேன் அளவையும் பாருங்கள். 90 வாட்டுக்குள் என்றால் 92 மி.மீ. ஃபேன் வைத்த சிறிய டவரே (நிமிர்ந்து நிற்கும் கூலர்) போதும். உங்களுடையதற்கு நான்கு ஹீட்பைப், 120 மி.மீ. ஃபேன் கொண்ட ஒற்றை டவர் சரி. 253 வாட் வரை போகும் ஐ7-13700கே போன்றவற்றுக்கு இரட்டை டவர் வேண்டும். அதையும் போட்டுவிட்டு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) வாட் வரம்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: என் கேபினட்டில் 160 மி.மீ. உயரம் வரை கூலர் வைக்கலாம். 158 மி.மீ. கூலர் வாங்கலாமா? ரேம் ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் உலோக உறை) வைத்தது.

பதில்: கூலர் நுழையும். சிக்கல் ரேமில்தான். வெறும் ரேம் 31, 32 மி.மீ. உயரம் இருக்கும்; ஹீட்சிங்க்கும் விளக்கும் சேர்ந்தால் 45-ஐத் தொடும். டவரின் முன்பக்க ஃபேன் ரேமில் இடித்தால் கிளிப்பைக் கழற்றி ஃபேனை மேலே ஏற்றி மாட்டுவார்கள். டவர் உச்சியைத் தாண்டி 10 மி.மீ. ஏறினால் மொத்தம் 168, பக்கக் கதவு மூடாது. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுபவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு: வழக்கமாக அவை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் உட்காரும், பிராசசரை ஒட்டிய முதல் ஸ்லாட் காலியாக இருக்கும். அப்படியும் இடித்தால், டவரைச் சற்றே பின்னுக்குத் தள்ளி வடிவமைத்த மாடலைத் தேடுங்கள்.

கேள்வி: பழைய கூலரைப் புதிய போர்டில் மாட்டலாமா?

பதில்: ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ஏஎம்5 என்றால், போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர் பொருந்தும். தனக்கென்று பின்தகடு கேட்பது பொருந்தாது, ஏனென்றால் ஏஎம்5-இல் அதைக் கழற்ற முடியாது. இன்டெல் 1200 சாக்கெட்டில் துளை இடைவெளி 75 மி.மீ., 1700-இல் 78. புது பிராக்கெட் இல்லாமல் இழுத்து மாட்டாதீர்கள்.

கேள்வி: இரட்டை டவர் போட்டும் 7700எக்ஸ் 95 டிகிரி காட்டுகிறதே?

பதில்: முழு வேலையில் என்றால் கோளாறு இல்லை. 95 டிகிரி வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால் கூலரைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். உரித்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.