வேற்றுக்கிரகத்து வேஷங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். அறிவியல் புனைகதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, ஷிப்டு முடிந்து வந்து இரவில் போனிலேயே அந்தப் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம் மட்டும் விடவே இல்லை. கோடானுகோடி மைல் தாண்டி வருகிற உயிருக்கும் ஏன் நம்மைப் போலவே இரண்டு கை, இரண்டு கால், முகத்தில் இரண்டு கண்? காதைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஒரு கிரகம், நெற்றியில் மேடு வைத்தால் இன்னொரு கிரகம். இது கற்பனைப் பஞ்சம் இல்லையா? உடன் வேலை செய்கிற நண்பர் 'சினிமாதானே, விடு' என்கிறார். என்னால் விட முடியவில்லை.

இன்னொன்று. ஒரு சனிக்கிழமை இருவரும் காவலூர் வானாய்வகத்துக்குப் போயிருந்தோம். வியாழனையும், பக்கத்தில் புள்ளிபுள்ளியாக அதன் நான்கு நிலவுகளையும் காட்டினார்கள். இறங்கி வரும்போது ஒரே பேச்சு: எந்தப் பறக்கும் தட்டும் ஏன் ஜவ்வாது மலையில் இறங்குவதில்லை, எப்போதும் அமெரிக்காதானா? சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)
ஆம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு காலுக்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. உள்ளே ஓர் ஆள் நிற்கிறார், அவருக்கு இரண்டு கால். தொலைக்காட்சிக்காரர்களுக்கு வாரம் ஒரு கிரகம் வேண்டும், கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, விண்கலத்தை ஒவ்வொரு கிரகத்திலும் இறக்கிக் காட்டினால் செலவு தாங்காது என்றுதான், ஆட்களை இங்கே கரைத்து அங்கே தோன்றவைக்கும் கருவியைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிக் கணக்குப் பார்த்தவர்கள் அதில் வரும் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகவாசிக்கு ஒரு ஜோடி ரப்பர் காதும் ஏறிய புருவமும் கொடுத்ததே பெரிது. அதே தொடரில் கிளிங்கான்கள் என்ற வேறொரு கிரகத்தாருக்கு முதலில் முகப்பூச்சும் மீசை தாடியும்தான். 1979இல் அவர்கள் பெரிய திரைக்குப் போனார்கள், பணம் வந்தது, நெற்றியில் மேடும் வந்தது. நீங்கள் கிண்டல் செய்த மேட்டின் வரலாறு இவ்வளவுதான்.

ஆனால் இதைக் கற்பனைப் பஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் நானும் பழைய வட ஆர்க்காட்டுக்காரர்கள். மாவட்டத்தை 1989இல் இரண்டாக்கினார்கள், பிறகு வேலூரை 2019இல் மூன்றாக்கினார்கள். தெருக்கூத்தைப் பங்குபோட யாராலும் முடியவில்லை. பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பகலில் நாம் டீக்கடையில் பார்த்த ஆள்தான். இரவில் கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்ப்பதக்கமும் ஏறுகின்றன, முகத்தில் அரிதாரம் ஏறுகிறது. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். பிறகு சலங்கை கேட்கும். திரை விலகியதும் அவர் நடந்து வருவதில்லை, சுழன்று வருகிறார். யார் என்று கட்டியக்காரன் கேட்டால், தன் பெருமையையே யாரோ ஒரு மகாராஜாவின் பெருமைபோலச் சொல்கிறார். இவருக்கும் இரண்டு கால்தானே என்று கூட்டத்தில் ஒருவரும் எழுந்து கேட்டதில்லை. வேஷம் கட்டிக்கொண்டதில் குறையே கிடையாது. கட்டிய பிறகும் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடந்தால்தான் குறை.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். இந்த உயிர் எதைத் தேடி வருகிறது, எந்த விதிக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறது, அந்த விதி நம்முடையதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? என் கணக்கில் இதுதான் வேற்றுக்கிரகவாசியின் நடை. காதும் கண்ணும் பிறகு.

ஸ்பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூர்காது சாத்தானை நினைவூட்டிவிடும் என்று பயந்த தொலைக்காட்சி நிறுவனம், விளம்பரக் கையேட்டுப் படத்தில் கூர்மையை மழுக்கியே அச்சிட்டது. பயப்பட வேண்டிய இடம் காது இல்லை. உணர்ச்சியை அவமானமாகக் கருதும் ஒரு சமூகத்தின் பிள்ளை, பாதி மனித ரத்தத்தோடு, உணர்ச்சிவசப்படுகிற மனிதர்கள் நடுவில் வேலை பார்க்கிறது. அதுதான் பாத்திரம். அதற்கான உடல்மொழியை ஸ்பாக்காக நடித்த லெனார்டு நிமாய் தானே தேடி எடுத்தார். விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும் அந்த வணக்கம், சிறுவயதில் யூதத் தொழுகைக் கூடத்தில் குருமார்கள் ஆசி வழங்கும்போது அவர் கண்ட முத்திரை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் திருட்டுத்தனமாகப் பார்த்தாராம். ரப்பர் காதைவிட அந்தக் கை வேலை செய்கிறது.

இனி உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்', 1979. அந்த உருவத்தை வரைந்தவர் எச். ஆர். கிகர் என்ற சுவிட்சர்லாந்து ஓவியர். அச்சு உருவாக்கும்போது நிஜ எலும்புகளையே வைத்துக் கட்டினார். உடைக்குள் நின்றவர் போலாஜி படேஜோ, நைஜீரியாக்காரர், லண்டனில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர். ஏறத்தாழ ஏழடி உயரம், குச்சிபோன்ற கைகால். நடிகரே இல்லை, அந்த ஒரு படத்தோடு சரி. வால் இருந்ததால் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. இடைவேளைகளில் ஓய்வெடுக்க அவருக்கென்று ஓர் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார்கள். மனித அளவுக்கு மீறிய ஒரு காலுக்கு அச்சு வெட்டச் சொன்னால் நீங்கள் எங்கே இழுப்பீர்கள், எங்கே தளர்த்துவீர்கள் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். இரண்டு கால்தான். ஆனால் முழு உருவமாக அதைக் காட்டும் நேரம் மிகக் குறைவு. ஒரு தாடை, ஒரு வால், வழியும் எச்சில் என்று துண்டு துண்டாகவே காட்டுகிறார்கள். கிரீடத்தின் நுனியை முதலில் காட்டுகிற அதே சூட்சுமம்.

இருந்தும் அந்தப் படம் நிற்பது உடையால் இல்லை. திரைக்கதை எழுதிய டான் ஓபேனன் ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுற்றை எடுத்துக்கொண்டார். முட்டை. அதிலிருந்து பாய்ந்து முகத்தைக் கவ்வும் ஒன்று. அது உள்ளே வைத்துவிட்டுப் போகும் கரு. நெஞ்சைப் பிளந்து வெளியே வரும் குட்டி. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள், வேதாந்திகள் குருவுக்கும் சீடனுக்கும் அதையே உவமையாக்கினார்கள். ஜன்னல் மூலையில் குளவி கட்டிய மண்கூட்டைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே கொட்டி மரத்துப்போன புழு உயிரோடு கிடக்கும், கூடவே குளவியின் முட்டை. முட்டை பொரிந்து வருவது அந்தப் புழுவைத் தின்றே வளர்கிறது. புழு குளவியாவதில்லை, குளவிக்குச் சாப்பாடாகிறது. புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி இனங்களும் உண்டு. கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்று படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என 1860இல் ஒரு கடிதத்தில் டார்வின் எழுதினார். ஓபேனனின் பிராணிக்கு நம்மேல் பகையோ பேராசையோ எதுவும் கிடையாது. அதற்குக் குட்டி போட ஓர் இடம் வேண்டும். நாம் அந்த இடம். அது அலட்சியமாக இருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பரில் வந்தவை டேலக்குகள். டெர்ரி நேஷன் எழுதினார், ரேமண்ட் குசிக் வடிவமைத்தார். உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரியவே கூடாது என்பதற்காகக் காலையே எடுத்துவிட்டார்கள்: தரையில் வழுக்கிச் செல்லும் ஒரு உலோகக் குதிர், முன்னால் ஒற்றைக் கண்தண்டு. நீங்கள் கேட்டபடி மனித வடிவம் துளியும் இல்லை. ஆனால் அது நினைப்பதெல்லாம் என்ன? என்னைப் போல் இல்லாதவன் அழிய வேண்டும் என்பது. நேஷன் மனத்தில் இருந்தவர்கள் நாஜிகள். இவ்வளவு மனிதத்தனமான வேற்றுக்கிரகவாசி வேறு இல்லை. டேலக்கை எனக்குப் பிடிக்கும், ஆனால் அதை அயல் உயிர் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அது நம் பங்காளி.

வெறுப்பூட்டும் வகை ஒன்று உண்டு: பூமியின் தண்ணீருக்காகப் படையெடுத்து வருகிறவர்கள். காவலூரில் நீங்கள் பார்த்த நான்கு புள்ளிகளில் ஒன்று யூரோப்பா. அதன் பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் எல்லாக் கடல்களையும்விட அதிகத் தண்ணீர் இருக்கும் என்று கணிக்கிறார்கள். அதைத் தாண்டி வந்து நம்மிடம் சண்டை போடுகிறவர்களுக்கு அறிவியலும் தெரியாது, வழியும் தெரியாது. இதற்கு நேர்மாறு 2002இல் வந்த 'சைன்ஸ்'. அதில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் பட்டாலே ஆபத்து. அவர்கள் தேடிப்பிடித்து இறங்குவது முக்கால்வாசி கடலாக இருக்கும் ஒரு கிரகத்தில். நம் பாலாற்றில் இறங்கியிருந்தால் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் பத்திரமாக இருந்திருக்கலாம்.

சரி, வேஷத்தையே கழற்றிவிட்டவர்களும் இருக்கிறார்கள். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லா லெம்மின் 1961ஆம் வருட நாவலிலிருந்து ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த 'சோலாரிஸ்' படத்தில் வேற்றுக்கிரகவாசி ஒரு கடல். கிரகத்தை மூடிக் கிடக்கிறது. பேசாது, தாக்காது, ஆராய வந்தவர்களின் நினைவிலிருந்து இறந்தவர்களை உருவாக்கி அனுப்புகிறது. உதவியா, தண்டனையா, சும்மாவா என்று கடைசிவரை விளங்காது. ஸ்டான்லி குப்ரிக் '2001' படத்துக்காக வேற்றுக்கிரக உருவங்களைச் செய்து பார்த்தார். காட்டாமல் குறிப்பால் உணர்த்துவதே நல்லது என்று வானியலாளர் கார்ல் சேகன் அவரிடம் சொல்லியிருந்தார். கடைசியில் 1968இல் வெளிவந்த படத்தில் இருப்பது ஒரு கறுப்புப் பலகை மட்டும்.

இந்த உத்திக்குக் காவலூரிலேயே சாட்சி இருக்கிறது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று உலகில் பல இடங்களில் தொலைநோக்கிகள் காத்திருந்தன, ஜவ்வாது மலையிலும். கோள் வந்து மறைப்பதற்கு முன்பாகவே நட்சத்திரம் கண்சிமிட்டியது. காவலூரிலும் அந்த மங்கல் பதிவானது. யாரும் வளையத்தைப் பார்க்கவில்லை; வெளிச்சம் குறைந்ததைத்தான் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தது அப்படித்தான். நல்ல இயக்குநர் வேற்றுக்கிரகவாசியை இந்த வழியில் காட்டுவார். அவர்கள் வந்ததால் எது மங்கியது என்பது போதும்.

பறக்கும் தட்டு அமெரிக்காவிலேயே இறங்குவதற்குக் காரணம், படத்துக்குப் பணம் போடுகிறவர் அங்கே இருக்கிறார். மற்றபடி நம் பக்கம் வந்ததில்லை என்பது சரியல்ல. சத்யஜித் ராய் 1962இலேயே ஒரு சிறுகதையில் அதை வங்காளக் கிராமத்து மூங்கில் தோப்பில் இறக்கிவிட்டார். ஊரார் எல்லோரும் கேலி செய்யும் ஒரு சாதுவான பள்ளி ஆசிரியரைத்தான் அதில் வந்த உயிர் முதலில் சந்திக்கிறது. 1967இல் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குவதாகத் திரைக்கதையும் எழுதினார். ஹாலிவுட் வரை போய் அந்தப் படம் நின்றுபோனது.

தமிழில் அதே 1963இல், டேலக்குகள் பிறந்த வருடம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. விஞ்ஞானத்தில் உயர்ந்து கலையில் வறண்டுபோன ஒரு கிரகத்திலிருந்து வந்து, தங்களுக்குப் பாட்டும் ஆட்டமும் கற்றுத்தர ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். செட்டும் உடையும் இன்று சிரிப்பூட்டும். ஆனால் அந்தத் தேவையைப் பாருங்கள்! தங்கம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அடிமை வேண்டாம், வாத்தியார் வேண்டும். 2024இல் 'அயலான்' வரும்போது கணினி வரைகலை எவ்வளவோ முன்னேறிவிட்டது. இருந்தும் வந்த விருந்தாளி கதாநாயகனின் தோழனாகி, வில்லனை அடிக்கக் கைகொடுத்துவிட்டுப் போகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கடத்தல்காரர்களே எனக்கு அதிக அந்நியமாகத் தெரிகிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 'ஏலியன்' முதல் படம், சாப்பிடுவதற்கு முன்னால். போனில் வேண்டாம், அதன் பாதி இருட்டு, சின்னத் திரையில் ஒன்றும் தெரியாது. நண்பர் வீட்டு டிவியில் பாருங்கள், 'சினிமாதானே' என்றவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்து 'அரைவல்', 2016. டெட் சியாங்கின் குறுநாவலிலிருந்து எடுத்தது. ஏழு கால் உள்ளவை வருகின்றன, காலத்தை நாம் பார்ப்பதுபோல அவை பார்ப்பதில்லை. உங்கள் இரண்டு கால் புகாருக்கு அதில் நிவாரணம் உண்டு. 'சோலாரிஸ்' இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும், நிதானமாக ஓடும். இரவு ஷிப்டு இல்லாத வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூத்துக்கு விடிய விடிய உட்காரும் ஊர்க்காரர் நீங்கள், அதனால் பாதியில் அணைத்துவிட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டேன்.

அன்புடன்.